கட்டிய வரிக்குப் புத்தகம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இளைஞர்கள் புத்தகம் தொடுவதில்லை என்று குறைப்பட்டு அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். அவர்களைக் கேட்கிறேன்: நீங்கள் கடைசியாக நூலகத்தில் புத்தகம் எடுத்தது எப்போது?

நான் நகராட்சியில் பில் கலெக்டராக இருந்து ஓய்வுபெற்றவன். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிப்போம். நூறு ரூபாய் வரிக்குப் பத்து ரூபாய். சில வீட்டுக்காரர்கள் ரசீதை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டிப் பார்ப்பார்கள். அந்த இடம் வந்ததும் விரல் நின்றுவிடும். "இது எதுக்கு சார்? எங்க வீட்ல யாரும் அந்தப் பக்கமே போறதில்லையே!" போகாதவர்களுக்குத் தள்ளுபடி கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

அந்த வரி லேசில் வந்துவிடவில்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் வலியுறுத்தி, 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். அதற்கும் முன்னால், 1931-இலேயே எங்கள் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

புத்தகக் காட்சியில் வாங்குகிறோமே என்பார்கள். வாங்குங்கள், பதிப்பகத்தார் பிழைக்க வேண்டும். ஆனால் சொந்தப் புத்தகம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று பையைக்கூடப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்துவிடுகிறோம். இரவல் புத்தகம் அப்படி விடாது. திருப்ப வேண்டிய தேதியை அதற்கென்று ஒட்டியிருக்கும் தாளில் முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வாரம் போனதும் அந்தத் தேதி உறுத்தும். மாலைக் காப்பிக்குப் பிறகு அரை மணி நேரம் என்று உட்கார்ந்தால்தான் முடியும் என்று தெரிந்துவிடும். முடித்துக் கொடுக்கப் போன இடத்தில் வெறுங்கையோடு திரும்ப மனசு வராது. ஆர்வம் வரட்டும், படிக்கலாம் என்று இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் தவணை, ஆர்வம் தானாகப் பின்னால் வரும்.

என் வீட்டம்மாவுக்கு இலக்கியம் என்றால் பயம். பழைய வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து யாரோ பைண்டு செய்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதில் ஒரு அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால், "இவன் நம்பத் தகுந்தவன் அல்ல" என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான், அவன் என்னதான் செய்தான் என்று பார்க்க இரவு சமையலையே ஒத்திப்போட்டுவிட்டார். (நூலகப் புத்தகத்தில் கிறுக்குவதை நான் ஆதரிக்கவில்லை.) இப்போது தனக்கு வேண்டியதைத் தானே போய் எடுத்து வருகிறார். நான் எடுத்து வருவது அவருக்குப் பிடிப்பதில்லை.

நூலகத்தில் கூட்டம் இல்லை என்பதும் பொய். காலையிலேயே பிள்ளைகள் டிஎன்பிஎஸ்சி கைடு, தண்ணீர் பாட்டிலோடு வந்து நாற்காலி பிடித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, வேலை வேண்டுமே. கதை, வரலாறு, பயணநூல் அலமாரிகளின் பக்கம்தான் ஆள் நடமாட்டம் இல்லை. அங்கே நிற்க வேண்டியவர்கள், பரீட்சை பயம் எல்லாம் தீர்ந்த நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். கையில் செல்போனை வைத்துக்கொண்டு "போய்ப் புக்கை எடுத்துப் படி" என்று பேரனை அதட்டினால் அவன் முதலில் நம் கையைத்தான் பார்ப்பான்.

உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். வரி ரசீதிலேயே அந்த வார்டுக்குப் பக்கத்தில் உள்ள கிளை நூலகத்தின் முகவரியையும் நேரத்தையும் அச்சடித்துக் கொடுக்கலாம். கூடுதல் செலவென்று பெரிதாக ஒன்றும் ஆகாது. எதற்குக் கட்டுகிறோம் என்று கேட்கிறவருக்குப் பதிலும் கையோடு கிடைத்துவிடும்.

உறுப்பினராகச் சேர முகவரிச் சான்றோடு போனால் போதும், சிறு தொகைதான் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று வாராந்திர விடுமுறை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பில் கலெக்டர்,
மன்னார்குடி