விழாக் குழுவினருக்கு: காம்போதிக்கு நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய இசைவிழாக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை மேடையில் நடந்தது உங்களுக்கே தெரியும். என் மாணவி சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சீட்டு வந்தது. பந்தல்காரர் ரசீதின் பின்பக்கத்தில், பச்சை மையில்: "காம்போதி வேண்டாம். தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக. சுருக்கவும்." துக்கடா என்றால் கச்சேரி முடிவில் பாடும் சின்ன உருப்படி.

அவள் கச்சேரியின் பிரதான உருப்படியாகப் பாட இருந்தது காம்போதி ராகத்தில் பாபநாசம் சிவனின் 'காணக் கண் கோடி வேண்டும்'. நாலு மாதப் பாடு. அவள் அம்மா நடவுக்குப் போய்வந்த கையோடு, சேறு காயாத காலுடன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஆலாபனையைக் கேட்பார். மிருதங்கப் பையன், பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு ஒரு தாளக் கோர்வை கட்டி வைத்திருந்தான். உங்கள் பேச்சும் பொன்னாடையும் அரை மணி நேரத்தைத் தின்ற பிறகு, காம்போதிக்குக் கிடைத்தது ஒன்பது நிமிடம். பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியிலேயே மணி அடித்தீர்கள். சரணத்தைப் பாடாமலே மங்களம் பாடினாள். பையன் தனி வாசிக்காமலே மிருதங்கத்தை உறையில் போட்டான்.

நான் கேட்பது ஒன்றுதான்: தமிழ்க் கிருதியைப் பிரதானமாகப் பாட விடுங்கள்.

சிவன் அயலூர்க்காரர் இல்லை. 1890இல் நம் போலகத்தில் பிறந்தவர். 7 வயதில் அப்பாவை இழந்து, அம்மாவோடு திருவனந்தபுரம் போனார். ராமய்யாவாகப் போனவர் திரும்பி வந்து, நம் தஞ்சைப் பக்கத்துப் பாபநாசத்தில் சிவன் ஆனார். (பேனரில் நெல்லைச் சீமைப் பாபநாசத்து அருவியைப் போட்டிருந்தீர்கள். சரி, அது பேனர்காரர் தப்பு என்றே வைத்துக்கொள்கிறேன்.) தமிழ்த் தியாகையர் என்று பெயர் வாங்கியவர், 1971இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். உங்கள் அறிவிப்பாளர் அவரை "சினிமாப் பாட்டும் எழுதியவர்" என்று ஒரே வரியில் முடித்தார். எழுதினார்தான். அதனால் காம்போதி இளைத்துவிடுமா?

தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற சங்கீத மும்மூர்த்திகளோடு எனக்கு வழக்கில்லை. மூவரும் பிறந்த திருவாரூரில்தான் நானும் பாட்டுக் கற்றேன். தியாகராஜர் கிருதி சொல்லிக்கொடுக்காத நாளில்லை. ஆனால் கடைமடைக்காரிக்கு ஒரு கோபம் உண்டு. ஜூன் 12 மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்கு வருவது மிச்சத் தண்ணீர்தான். கச்சேரியிலுமா தமிழுக்குக் கடைமடை? 1943இல் தமிழிசைச் சங்கம் வைத்துப் பெரியவர்கள் போராடியது, கடைசி ஒன்பது நிமிடத்துக்கா? அடுத்த வருஷம் பொன்னாடையைத் துக்கடா நேரத்தில் போர்த்திப் பாருங்களேன், எத்தனை விருந்தினர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மன்னிக்கவும், எழுத வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். நீங்கள் கைக்காசு போட்டு விழா நடத்துகிறவர்கள்; அந்த நன்றி எனக்கு உண்டு. அடுத்த வருஷ விண்ணப்பப் படிவத்தில் 'பிரதான உருப்படி எந்த மொழியிலும் இருக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு முழு முக்கால் மணி நேரம் கொடுங்கள். தமிழ்க் கிருதியைப் பிரதானமாகப் பாட விடுங்கள்.

பதிலை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நாகை மாவட்டத்துப் பாட்டு டீச்சர் ஒருத்தி