குண்டும் குழியுமான வளைவிலும் ஓட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பி.எம்.டபிள்யூ இசட்4 எம்40ஐ, எம்340ஐ இரண்டையும் ஒப்பிட்டு வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரே கம்பெனி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 3 லிட்டர், 6 சிலிண்டர் எஞ்சின். இசட்4 இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், எம்340ஐ நான்கு கதவு செடான். நல்ல ஜோடிதான். ஆனால் இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய ஓடுதளத்தில் மட்டும் ஓட்டிவிட்டு, ஹேண்ட்லிங்கில், அதாவது வளைவில் வண்டி சொன்னபடி கேட்பதில், செடான் ஒருபடி கீழேதான் என்று தீர்ப்பு எழுதியதை ஏற்க முடியவில்லை. கோவையில் 22 வருடமாக சஸ்பென்ஷன், வீல் அலைன்மென்ட் வேலை பார்ப்பவன் நான்.

வழவழப்பான தாரில் இசட்4 கூர்மையான வண்டி. அதில் எனக்கு மறுப்பில்லை.

போன வருடம் இரண்டு வாடிக்கையாளர்களோடு வால்பாறை போனேன். ஒருவரிடம் இசட்4, இன்னொருவரிடம் எம்340ஐ. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒரு வளைவில் மழை அரித்த இடத்தில் ஒட்டுப்போட்டு, ஒட்டின்மேல் இன்னொரு ஒட்டும் போட்டிருந்தார்கள். இரண்டு வண்டியையும் அங்கே நானே ஓட்டிப் பார்த்தேன். செடானில் நான்கு சக்கரமும் இழுக்கும் என்பதால், நியாயமாக இருக்கட்டும் என்று ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் திருப்பினேன். இசட்4 ஒட்டின் விளிம்பைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் உதறியது. பின்பக்கம் ஒரு விரற்கடை வெளியே நகர்ந்தது. வளைவில் நான் பிடித்த பாதைக்கே வண்டியைக் கொண்டுவர இரண்டு முறை ஸ்டியரிங்கைத் திருத்தினேன். செடான் ஒரு முறை அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். பிடித்த பாதை மாறவே இல்லை.

டயருக்கு ஒரு குணம் உண்டு. அதன்மேல் பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். பாரம் குறையும்போதோ பிடிப்பு தயங்காமல் இறங்கிவிடும். மேடுபள்ளத்தில் பாரம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், ஏறும்போது கிடைத்தது இறங்கும்போது போனதை ஈடுகட்டாது. அதனால் கரடுமுரடான வளைவில் டயர்மேல் இருக்கும் பாரத்தை எந்த வண்டி ஆடாமல் வைத்திருக்கிறதோ, அதுதான் பிடித்து நிற்கும். இதற்குச் சக்கரம் மேலும் கீழும் போக இடம் வேண்டும். பள்ளத்தில் விழும் சக்கரத்தை ஸ்பிரிங் கீழே தள்ள வேண்டும், ஷாக் அப்சார்பர் அதை அளவோடு பிடித்து விட வேண்டும். ஸ்பிரிங்கை இறுக்கி, வண்டியைத் தாழ்த்தி, மெலிந்த ஓரம் கொண்ட டயரையும் மாட்டிவிட்டால் இதற்கெல்லாம் இடமே இல்லை.

நீளமும் உதவுகிறது. இசட்4 வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள நீளம்) 2,470 மில்லிமீட்டர், எம்340ஐ-யில் 2,851. சஸ்பென்ஷனை ஒதுக்கிவிட்டு வெறும் கணக்குப் போட்டாலே, ஒரே மேட்டில் முன் சக்கரம் ஏறும்போது குட்டை வண்டி சுமார் 15 சதவீதம் அதிகமாகச் சாயும். போதாததற்கு, நீண்ட பானெட்டுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலை ஒட்டி உட்கார்ந்து ஓட்டுகிறோம். பின் சக்கரம் வாங்கும் அடி நேராக முதுகுக்கு வந்துவிடும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பிரான்சின் ஆல்பைன் ஏ110 சுமார் 1,100 கிலோதான். எடை குறைவு என்பதால் ஸ்பிரிங்கை இளக்கமாக வைத்து, நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிக்கும் சஸ்பென்ஷன்) கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லோட்டஸ் எலீஸும் அதே வழியில் வந்ததுதான். இறுக்கத்தைத் திறமையாக எண்ணுகிற பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

இந்தப் பழக்கம் என் பட்டறை வரைக்கும் வந்துவிட்டது. போன மாதம் ஒரு தம்பி ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் செடான் கொண்டு வந்தான். கம்பெனி கொடுத்த 179 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் பார்க்க உயரமாக இருக்கிறதாம். வேறெங்கோ ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டியிருக்கிறான். "அண்ணா, இப்ப ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி நிக்குது, ஆனா மழையில திருப்பத்துல வழுக்குது" என்றான். முன்பக்க ஷாக் அப்சார்பரைக் கழற்றினேன். சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது முட்டித் தாங்கும் பம்ப் ஸ்டாப்பர் நைந்து, நனைந்த ரஸ்க் போல விரலில் உதிர்ந்தது. வெட்டிய ஸ்பிரிங் இறுகும், ஆனால் அமுங்க இடம் இருக்காது. சின்னப் பள்ளத்துக்கே வண்டி ஸ்டாப்பரில் போய் உட்கார்ந்துவிடும். அந்த நொடியில் அங்கே சஸ்பென்ஷன் என்று ஒன்று இல்லை, பாரம் முழுக்க டயரில் இடிக்கிறது. சக்கரத்துக்கு மேல் இருக்கும் மறைப்பான ஃபெண்டர் லைனரின் உட்பக்கம் டயர் உரசி உரசிக் கண்ணாடி போலப் பளபளத்தது. அவனும் உங்கள் இதழ் வாசகன்தான். கம்பெனி ஸ்பிரிங்கையே வாங்கி மாட்டச் சொன்னேன், மாட்டிவிட்டான்.

அடுத்த ஒப்பீட்டில் ஓடுதள நேரத்தைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஒட்டுப்போட்ட ஒரு வளைவையும் தேர்ந்தெடுத்து, ஒரே வேகத்தில் இரண்டு வண்டியையும் ஓட்டி, எதில் எத்தனை முறை ஸ்டியரிங்கைத் திருத்த வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். இடம் தெரியாவிட்டால், ஆழியாறுக்கு மேலே நானே வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
கோயம்புத்தூர்.