கோண்டலுக்கு ஒரே ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ராஜபுத்திர சமஸ்தானங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். உதய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்ப்பூர் என்று பக்கம் பக்கமாக ஓடியவருக்குக் குஜராத் வந்ததும் மூச்சு வாங்கிவிட்டது போலிருக்கிறது. கோண்டலுக்குக் கிடைத்தது ஒரே வரி: அரண்மனையில் பழைய கார்கள் இருக்கின்றனவாம். இருக்கின்றன, நானும் பார்த்தேன். ஆனால் அந்த ஊருக்குப் போய்க் காரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தலை மட்டும் பார்த்துவிட்டு வருவதைப் போன்றது.

கோண்டல், ராஜ்கோட்டுக்குத் தெற்கே உள்ள ஊர். 1634-இல் ஜடேஜா குலத்துக் கும்போஜி நிறுவிய சமஸ்தானம். (கிரிக்கெட்டில் நாம் கேட்டுப் பழகிய அதே ஜடேஜாதான்.) சமஸ்தானத்தின் தகுதிக்கேற்ப வெள்ளைக்காரர்கள் மன்னருக்குப் பீரங்கி முழங்கி மரியாதை செய்வார்கள்; இதற்குக் கிடைத்தது பதினொரு குண்டுகள். அந்தக் கணக்கில் இது சின்ன ராஜ்யம்தான்.

இங்கே 1869-இல் பட்டத்துக்கு வந்த பகவத்சிங்ஜிக்கு அப்போது வயது நான்கு. 1884-இல்தான் ஆட்சி அவர் கைக்கு வந்தது. முடி சூடியவர், அதற்குப் பிறகு எடின்பரோவுக்குப் போய் மாணவரோடு மாணவராக மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கினார். ஆயுர்வேத வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். பெண் குழந்தைகளுக்கும் படிப்பைக் கட்டாயமாக்கினார். ஆட்சியின் பொன்விழாவில் அவரைத் தங்கத்துக்கு எடை நிறுத்திய தராசு நவ்லகா அரண்மனையில் இருக்கிறது. ராஜ டாம்பீகம் அவருக்கும் இல்லாமலில்லை. எல்லா அதிகாரமும் தன்னிடமே இருந்த மன்னர்தானே.

ஆனாலும் எனக்கு அவர் பெரியவராகத் தெரிவது ஓர் அகராதியால். ‘பகவத்கோமண்டல்’ என்ற அந்தக் குஜராத்திப் பேரகராதிக்காக முதலில் அவரே சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். 1928-இல் அதற்கென்று தனி அலுவலகமே ஏற்படுத்தினார். பதிப்பாசிரியர் சந்துலால் படேல். ஒன்பது தொகுதிகள், ஏறத்தாழ 2,81,000 சொற்கள்.

ராஜ்கோட்டில் நண்பர் வீட்டில் ஒரு தொகுதியை மடியில் வைத்துப் பார்த்தேன். கால் மரத்துப்போகும் கனம். எனக்குக் குஜராத்தி வாசிக்க வராது. நண்பரின் அப்பா, ‘தண்ணீர்’ என்ற சொல்லுக்கு உரிய பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்து வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பொருள் முடிந்தது, மரபுத்தொடர்கள் தொடங்கின. அடுப்படியிலிருந்து நண்பரின் அம்மா எட்டிப்பார்த்து இன்னொரு தொடரைச் சொன்னார். அதுவும் இருக்கிறதா என்று பெரியவர் தேட ஆரம்பித்தார். காப்பி ஆறிப்போனது.

முதல் தொகுதி வெளிவந்த 1944-ஆம் ஆண்டிலேயே மன்னர் காலமானார். 1948-இல் சமஸ்தானம் புதிதாக அமைந்த சௌராஷ்டிர மாநிலத்தில் கரைந்தது. அகராதி வேலை நிற்கவில்லை. கடைசித் தொகுதி 1955-இல் வந்தது. ராஜ்யம் போய் ஏழு ஆண்டுகள் கழித்து!

கட்டுரையாளர் அடுத்த முறை கோண்டலுக்குப் போனால், கார்க் கொட்டகையிலிருந்து சற்றுச் சீக்கிரம் வெளியே வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி