பொன்மலைத் திரையிடல்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். வரும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு எங்கள் அரங்கில் மறுபடியும் படம் ஓடப்போகிறது, மாதத்துக்கு ஒன்றாக மூன்று படங்கள். அரங்கு என்பது சற்றுப் பெரிய சொல்தான். திருச்சி பொன்மலையில் இரயில்வே குடியிருப்பை ஒட்டிய ஒரு பழைய கூடம், 80 நாற்காலிகள், நான்கு மின்விசிறிகள், ஒரு புரொஜெக்டர், இவ்வளவே எங்கள் சொத்து. சென்ற ஐப்பசி மழையில் கூரை ஒழுகித் திரை பாழான நாள் தொட்டுப் பூட்டிக் கிடந்த அந்தக் கூடத்தைத் திறக்க வழிசெய்த ஒவ்வொருவருக்கும் வீடு தேடி வந்து நன்றி சொல்வதே முறை. ஆயினும் பாதிப் பேர் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், பெயர் குறிக்காமல் பொதுவில் இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி எங்கள் தையற்கார அண்ணனுக்கு. திரை 16 அடி அகலமும் 9 அடி உயரமும் இருக்க வேண்டும் என்று கேட்டோம். கடையில் கிடைத்த வெள்ளைத் துணி 54 அங்குல அகலத்தில் இருந்ததால், இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்துத் தைத்தார். அன்றிரவு சோதித்துப் பார்த்தபோது அந்தத் தையல் திரையின் நட்டநடுவே, நடிப்பவர் அத்தனை பேருடைய மூக்குக்கும் குறுக்கே கோடு போட்டதுபோல் ஓடியது. நாங்கள் பரவாயில்லை என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. மறுநாளே கரூருக்குப் பேருந்து ஏறி, படுக்கை விரிப்புக்கென்று நெய்யும் 120 அங்குல அகலத் துணியைத் தம் கைக்காசில் வாங்கி வந்து, ஒட்டே இல்லாமல் ஒரே விரிப்பாகத் தைத்துக் கொடுத்தார். பழைய படங்களின் சட்டகம் ஏறத்தாழ 4-க்கு 3 என்ற கணக்கில் இருப்பதால், அவற்றைக் காட்டும்போது இருபுறமும் இரண்டிரண்டு அடியை மறைக்க வளையத்தில் ஓடும் கறுப்புத் துணியையும் அவரே பொருத்தினார். தையல் போட்ட முதல் துணி வீணாகவில்லை. இப்போது சன்னல்களுக்குத் திரையாகத் தொங்குகிறது.

புரொஜெக்டர் கதை அத்தனை இனிமையானதன்று. பயன்படுத்திய கருவி ஒன்றை முழுத் தொகையும் கொடுத்து வாங்கினோம். இரண்டாம் வாரமே படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள் தோன்றி, பட்டப்பகல் காட்சியிலும் வானத்தில் நட்சத்திரம் முளைத்தது. விற்றவர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவே இல்லை. இரயில்வே பணிமனையின் மின்பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கருவியைப் பிரித்துப் பார்த்து, பிம்பத்தை உருவாக்கும் சில்லு பழுதாகிவிட்டதைக் கண்டறிந்து, மாற்றுச் சில்லை வரவழைத்துத் தாமே பொருத்தினார். கூலி என்று அவர் பெற்றுக்கொண்டது ஒரு குவளைத் தேநீர், அதுவும் சர்க்கரை இல்லாமல்.

வழக்கறிஞர் அம்மாவுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. கட்டணம் வாங்காவிட்டால் எந்தப் படத்தையும் காட்டலாம் என்று எண்ணிக்கொண்டிருந்த எங்களை உட்காரவைத்து, நம் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நிற்கும் என்பதையும், அதுவரை பொதுவில் காட்ட உரிமையாளரின் இசைவு வேண்டும் என்பதையும் அவர் விளக்கினார். எனவேதான் 1979-இல் வெளிவந்த மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ மூன்றாம் மாதத்துக்குத் தள்ளிப்போனது. அதற்கான எழுத்துவழி இசைவு இப்போது எங்கள் கையில் இருக்கிறது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பிறந்த அந்தப் படத்தை வெளியான காலத்திலேயே பார்த்த பெரியவர்கள் நம் பகுதியில் பலர் உண்டு. அன்று அவர்கள் பேரப்பிள்ளைகளையும் அழைத்து வரவேண்டும்.

முதல் மாதப் படம் சாப்ளினின் ‘தி கிட்’ (1921). பேச்சில்லாத படம், ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிற்காலத்தில் சாப்ளின் அமைத்துச் சேர்த்த இசைக்கு உரிமைக் கணக்கு தனி என்று தெரிந்ததும், ஒலியை அடைத்துவிட்டு வெறும் படத்தைக் காட்டவிருந்தோம். ஓய்வுபெற்ற இசையாசிரியர் ஒருவர் அதைக் கேள்விப்பட்டுத் தம் ஆர்மோனியத்தோடு வந்து நின்றார். மௌனப்பட காலத்தில் திரைக்கு அருகே வாத்தியக்காரர்கள் வாசித்ததும், கதை சொல்லி ஒருவர் உடனிருந்து விளக்கியதும் நம் ஊர்ப்பக்கம் வழக்கமாக இருந்தவைதான். திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டதை நினைத்தால், இரயில்வே குடியிருப்பின் ஓரத்தில் ஆர்மோனியத்தோடு ஒரு மௌனப்படம் ஓடுவது பொருத்தமாகவே படுகிறது. ஆசிரியர் இதுவரை படத்தை ஒன்பது முறை பார்த்துவிட்டார். சிறுவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் இடம் வரும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது என்கிறார்.

இரண்டாம் மாதம் இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948). அதன் நாயகனாக வரும் லம்பெர்த்தோ மஜ்ஜியொரானி தொழில்முறை நடிகர் அல்லர், ஆலைத் தொழிலாளி. பணிமனையில் ஆயுளைக் கழித்தவர்கள் வாழும் பகுதியில் இந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று எங்களுக்கு நெடுநாள் ஆசை. உரையாடலைத் திரையின் அடியில் காட்டும் எழுத்து தமிழில் இல்லாததே தடையாக இருந்தது. கல்லூரி மாணவியர் மூவர் தேர்வு முடிந்த கையோடு உட்கார்ந்து, ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழில் எழுதினார்கள். முதல் வரைவை வெள்ளோட்டம் பார்த்த ஓர் ஆச்சி, “எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள ஆளு தெருமுனை தாண்டிடுறான்” என்று சொல்லிவிட்டார். மாணவியர் முகம் சுளிக்காமல் மொத்த உரையாடலையும் மறுபடி எடுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாதபடி சுருக்கினார்கள். “தாங்கள் என்னுடைய மிதிவண்டியைக் கண்டீர்களா” என்றிருந்தது “என் சைக்கிளைப் பாத்தீங்களா” ஆயிற்று. அதே ஆச்சியை மறுமுறை அழைத்து வந்து, அவர் தலையசைத்த பிறகே கோப்பை மூடினார்கள்.

கூரைக்குத் தகரம் போட்டவர்கள், நாற்காலி சுமந்தவர்கள், படம் நடக்கும் இரண்டு மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்திவைக்க இசைந்த எதிர்ச்சாரிக் கடைக்காரர், திரையிடல் நாளன்று இடைவேளைக்குச் சுண்டல் தருவதாக ஏற்றுக்கொண்ட மகளிர் குழுவினர் ஆகிய அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி உரியது.

மூன்று திரையிடல்களும் அடுத்தடுத்த மூன்று மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமைகளில் நடைபெறும். கட்டணம் இல்லை. நாற்காலி நிரம்பிவிட்டால் முன்வரிசைக்கு முன்னால் பாய் விரிப்போம். குழந்தைகளுக்கு எப்படியும் அந்த இடம்தான் பிடிக்கும். ஆர்மோனியம் இடப்பக்கச் சுவரோரம் இருக்கும் என்பதால், முதல் நாள் மட்டும் அந்தப் பக்கத்து வழியை அடைக்காமல் அமருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
செயலாளர், திரையிடல் குழுவினர் சார்பாக
பொன்மலை, திருச்சிராப்பள்ளி