அந்த ஒரு பூஜ்யத்துக்கு நன்றி

எக்ஸ்வி6 (ரிஸ்க்-5) என்ற பாடத்துக்கான இயங்குதளத்தின் கர்னலில் யூசிஸ்கால் பக்கத்தை (கர்னலும் நிரலும் பகிரும் நினைவகப் பக்கம்) சேர்த்ததும் 'ப்ரீவாக்: லீஃப்' என்று வந்த பானிக்குக்கு (கர்னலையே நிறுத்திவிடும் பிழை) வழி காட்டி, பெயர்கூடச் சொல்லாமல் போனவருக்கு நன்றி.

கோளாறு ஒதுக்கீட்டில் இல்லை, விடுவிப்பதில்தான் என்று முதலிலேயே சொன்னீர்கள். ப்ரீவாக் என்ற செயற்கூறு பக்க அட்டவணைகளை (மெய்நிகர் முகவரியைப் பௌதிகப் பக்கத்தோடு இணைப்பவை) மட்டுமே விடுவிக்கும். அதற்கு முன் எல்லா இலைப் பதிவுகளும் (நேராக ஒரு பக்கத்தைக் காட்டுபவை) நீங்கியிருக்க வேண்டும். அட்டவணையை உருவாக்கும் ப்ராக்_பேஜ்டேபிளில் ஒரு மேப்பேஜஸ் (இணைப்பு) கூடினால், அதை அழிக்கும் ப்ராக்_ப்ரீபேஜ்டேபிளிலும் ஒரு யூவிஎம்அன்மேப் (இணைப்பு நீக்கம்) கூட வேண்டும். கர்னலுக்குள் போய்வர உதவும் ட்ராம்போலின், ட்ராப்ஃப்ரேம் பக்கங்கள் இரண்டுக்கும் அங்கே ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது.

பலரும் வழுக்குவது யூவிஎம்அன்மேப்பின் கடைசி அளவுருவில் (பௌதிகப் பக்கத்தையும் விடுவிக்கவா என்பது). அங்கே 1 போட்டால் பானிக் என்னவோ நிற்கும். ஆனால் எக்ஸெக் (அதே செயல்முறையில் புது நிரலை ஏற்றுவது) நடக்கும்போது புது அட்டவணையும் அதே பௌதிகப் பக்கத்தைத்தான் காட்டுகிறது. பழையதை அழிக்கையில் பயன்பாட்டில் உள்ள பக்கமே, பக்கங்களை விடுவிக்கும் கேஃப்ரீக்குப் போய்விடும். பிறகு, முடிந்த செயல்முறையைத் துடைக்கும் ப்ரீப்ராக் அதையே மறுபடி விடுவிக்கும். இரட்டை விடுவிப்பை கேஃப்ரீ கண்டுகொள்ளாது. ஒரே 4096 பைட் இருவருக்குப் போகும். ஆகவே 0 போட்டு, கேஃப்ரீயை ப்ரீப்ராக்கில் ஒரே முறை அழைக்க வேண்டும்.

போகிறபோக்கில் சொன்ன குறிப்பும் பொன்தான்: நினைவகத்தில் வரிசையாக 05 தெரிந்தால், பக்கம் ஒதுக்கும் கேஅல்லாக் தந்த பக்கத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை; 01 தெரிந்தால் விடுவித்த பக்கம், முதல் 8 பைட்டில் மட்டும் அடுத்த காலிப் பக்கத்தின் முகவரி இருக்கும்.