கான்பூரில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இந்த ஞாயிறும் உன் போன் வரவில்லை. வேலை இருந்திருக்கும். அங்கே பனிமூட்டம் என்று செய்தியில் காட்டினார்கள். அத்தை பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு.

"இந்த ஆராய்ச்சிக்கு எனக்கு மூளை போதவில்லை" என்று அக்காவிடம் சொன்னாயாம். அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. ஆனால், கணக்கு கடினமாக இருப்பது வேறு, போடுகிறவன் மந்தமாக இருப்பது வேறு. இதை ஒரு கணக்கு டீச்சராகச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் வந்தால் கூடத்தில் சார்ட்டை விரித்து நான் டைம்டேபிள் போடுவேனே! ஒரு வகுப்பின் எட்டுப் பாடங்களை மட்டுமே ஒரு நாளைக்கு 40,320 விதமாக அடுக்கலாம். தமிழய்யாவை எட்டாம் வகுப்பில் மூன்றாம் பீரியடுக்கு நகர்த்தினால், அதே நேரம் பத்தாம் வகுப்பிலும் அவர் பெயர் இருக்கும். அதை மாற்றினால் பி.டி. சார் இடிப்பார். அதனால்தான் லேப் பீரியடுகளை முதலில் பூட்டிவிடுவேன். நெருக்கடி அதிகமான இடத்தில்தான் தொடங்க வேண்டும். தலைமையாசிரியரோ கால் மணி நேரத்தில் சரிபார்த்துவிட்டு, "இதற்கா இத்தனை நாள்?" என்பார். சுருக்கென்று இருக்கும்.

டைம்டேபிள் 'என்.பி. கம்ப்ளீட்' வகை என்று 1976லேயே நிரூபித்துவிட்டார்கள், அதாவது போட்டதைச் சரிபார்ப்பது எளிது, போடுவதற்கு விரைவான வழி எவருக்கும் தெரியாது என்று நீதானே சொன்னாய்? அன்று எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா! ஊருக்கெல்லாம் சொல்கிறாய், உனக்குச் சொல்லிக்கொள்ள மாட்டாயா?

நீ நடமாடும் அதே ஐ.ஐ.டி. வளாகத்தில்தான் 2002இல் பேராசிரியர் அகர்வாலும் அவருடைய மாணவர்கள் கயலும் சக்சேனாவும் ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகச் சொல்லும் வழியைக் கண்டார்கள். அதே எண்ணைக் காரணிப்படுத்த இன்றைய சாதாரணக் கணினிகளுக்கு அப்படியொரு வழி இன்னும் அகப்படவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கேள்விகள்தான். அகப்படாததற்கு யாருடைய மூளையைக் குறை சொல்வது? உன் கேள்வி எந்த வகை என்று முதலில் பார். முழுதாக முடியாவிட்டால் அதில் ஒரு சின்ன வகையை எடுத்துக்கொள். இரவில் கட்டாயம் தூங்கு.

அப்பா பால்காரரிடம்கூட உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுகிறார். அவரிடமாவது இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு போன் செய். படிப்பைப் பற்றிப் பேச வேண்டாம். உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். நடுவில் வீட்டுக்கு வரத் தோன்றினால் டிக்கெட் எடுத்துவிடு. ஏன் வந்தாய் என்று இங்கே யாரும் கேட்க மாட்டோம்.

அம்மா