ரோபோ முகாமுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

காரைக்குடி வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் நடத்திய ரோபோ, கணினி முகாம் நல்லபடியாக முடிந்தது. "என் பேரைப் போட்டா அடுத்த வருசம் சாவி கெடையாது" என்று வீட்டுக்கார ஆச்சி சொல்லிவிட்டதால், இந்த மடலில் யார் பெயரும் இல்லை. அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி ஆச்சிக்கு. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே திறக்கிற வீட்டை எங்களுக்காகத் திறந்துவிட்டார். சாயங்காலமானால் கந்தரப்பமோ வெள்ளைப் பணியாரமோ வந்துவிடும். பாதிப் பிள்ளைகள் எதற்காக வந்தார்கள் என்று எங்களுக்குச் சந்தேகம் உண்டு.

தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடித்து ஓடும் ரோபோ வண்டிக்கு அடியில் அகச்சிவப்பு சென்சார் இருக்கும். வெள்ளையில் ஒளி திரும்பி வரும், கறுப்பில் வராது. அதை வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கும். ஆத்தங்குடிக் கல்லிலோ அடிக்கொரு பூ. வண்டி பூவையே சுற்றியது. ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி பழைய பேனர்களைக் கொண்டுவந்து, வெள்ளைப் பின்பக்கம் மேலே இருக்க முகப்பு முழுக்க விரித்தார். கறுப்பு டேப் ஒட்டினோம், ஓடிவிட்டது. அடியில் யார் வீட்டுக் காதுகுத்து என்று பிள்ளைகள் புரட்டிப் பார்த்தது தனிக்கதை.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். முன்வாசல் உயரத்துக்குத் தெருவே போதாது. மேஸ்திரி அண்ணன் பின்கட்டைப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு படிதான், பலகை போட்ரலாம்" என்றார். கூலி வாங்கவில்லை.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பு ஆசிரியைகள் இல்லாவிட்டால் முகாம் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் நடந்திருக்கும். பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் ஸ்க்ராட்ச்சில் கட்டங்களைத் திரையில் இழுத்து ஒட்ட வேண்டும். பார்வையில்லாத பிள்ளைக்கு அது சரிவராது. அவர்கள் சொல்லித்தான் அந்தப் பிள்ளைகளுக்கு, எழுத்தாகத் தட்டச்சு செய்யும் நிரல்மொழியான பைத்தான் வைத்தோம். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் ஒவ்வொரு வரியையும் வாசித்துவிடும், அமைப்பில் சொல்லிவைத்தால் வரி எவ்வளவு உள்தள்ளித் தொடங்குகிறது என்பது உட்பட. அது தப்பினால் நிரல் ஓடாது, பைத்தானில் அதுதானே உயிர்! எதிரே இருப்பது எவ்வளவு தூரம் என்று ஒலியலையால் அளக்கும் மீயொலி சென்சாரை எல்லோருக்கும் ஒன்றாகவே கொடுத்தோம். பார்வையில்லாத மாணவிக்கு அதில் பீப் சத்தம் போடும் பஸ்ஸர், காது கேளாத மாணவனுக்கு எல்இடி விளக்கு. தேக்குத் தூணை நெருங்க நெருங்க அவளுக்குச் சத்தம் விரைந்தது, அவனுக்கு விளக்கு படபடவென்று சிமிட்டியது. பஸ்ஸர் சத்தம் ஆகாத ஆட்டிசம் உள்ள தம்பிக்கு இரண்டாம் கட்டில் தனி அறை கேட்டு வாங்கியதும் ஓர் ஆசிரியைதான். எல்லார் வண்டிக்கும் மோட்டார் ஒயர் அங்கிருந்துதான் மாட்டி வந்தது.

வள்ளல் அழகப்பர் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் கொடுத்த ஊர் இது, "எவ்வளவு வேணும்?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நாங்கள் கேட்டது பழைய லேப்டாப். சிங்கப்பூரிலிருந்துகூட வந்தது. தினமும் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வேன் அண்ணன்களுக்கும், சலிக்காமல் சொல்லிக்கொடுத்த பொறியியல் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கும் நன்றி.

வரவு செலவுக் கணக்கு திண்ணைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. குட்டி ஸ்க்ரூடிரைவர்கள் சில பிள்ளைகளின் பையோடு போய்விட்டன. பெற்றோர் பார்த்து ஆச்சியிடம் கொடுத்துவிடுங்கள்.

முகாம் குழுவினர்
காரைக்குடி